பயனாளி மாமா

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி யாராவது விசாரித்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். பாசமெல்லாம் பின்னால் ஆற அமர வரும். இத்தனைக்கும் மனிதர் யாரையும் வாடா போடா என்று பேசியதில்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. அவரிடம் இருக்கிற ஒரே கெட்ட பழக்கம், அரசாங்கம் எதை நீட்டினாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வது.

மாமாவுக்கு நகரத்தின் ஓரத்தில் இரண்டு ஏக்கர் நிலம். கத்தரி, வெண்டை, கொஞ்சம் கீரை. ஒரு கிணறு, அதில் ஒரு மோட்டார். முன்பு பேருந்தை விட்டு இறங்கினாலே நிலம் தெரியும். இப்போது மூன்று பக்கமும் அடுக்குமாடிக் கட்டடங்கள். ஏழாவது மாடியில் துணி உலர்த்துகிறவர்கள் மாமா பாத்தி கட்டுவதைக் குனிந்து வேடிக்கை பார்க்கிறார்கள். மேலேயிருந்து துணி கிளிப், சீப்பு, சில சமயம் குழந்தையின் ஒற்றைச் செருப்பு என்று எதையாவது தவறவிடுவார்கள். மாமா அதையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டுவைத்திருந்து, தேடி வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார்.

எனக்கு ஜெராக்ஸ் கடை. வேளாண்மை அலுவலகம், மின்வாரியம், மாநகராட்சி என்று எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கிற இடத்துக்கு நேர் எதிரே. அக்காவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து மாமாவின் மனுக்களுக்கெல்லாம் நகல் எடுப்பது என் குலத்தொழில் மாதிரி ஆகிவிட்டது. பிளாஸ்டிக் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நிற்பார். "மாப்ள, எதுக்கும் ரெண்டு செட்டா போட்டுரு" என்பார். அந்த "எதுக்கும்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய மோட்டார் அறையை நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு தேனீப் பெட்டி இருக்கிறது, தேனீ இல்லை. தேனீ அடுத்த கட்டத்தில் வழங்கப்படும் என்றார்கள். அந்தக் கட்டம் வருவதற்குள் திட்டம் முடிந்து, அதிகாரி மாறி, அக்காவின் கோழி பெட்டிக்குள் குடியேறிவிட்டது. பருத்தியில் விழுகிற புழுவைப் பிடிக்கும் பொறிகள் ஒரு சாக்கு நிறைய இருக்கின்றன. மாமா தன் வாழ்நாளில் பருத்தி போட்டதில்லை. மருந்து தெளிப்பான் ஒன்று உண்டு, அதன் மூக்குக் குழாய்க்கு வேறு திட்டத்தில் மனுப்போட வேண்டும். மண்வளம் காப்போம் என்று நெற்றியில் எழுதிய தொப்பி மட்டும் நான்கு.

"இதையெல்லாம் எதுக்கு வாங்குறீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"கையில குடுக்கறத வேண்டாம்னு சொன்னா, நமக்குத் தேவையானது வர்றப்ப கூப்பிடுவாங்களா மாப்ள? இவன் திமிர் பிடிச்சவன்னு நெனச்சுக்குவாங்க."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். நடந்தது நேர் எதிர். மோட்டார் பழசாகிவிட்டது, புதிதுக்கு மானியம் கொடுங்கள் என்று கேட்டுப் போனார். பட்டியலைப் பார்த்துவிட்டு, "நீங்க ஏற்கனவே பயனாளிங்க" என்றார்கள். எதில் பயனாளி? தேனீயில். வேலி கேட்டுப் போனார். பருத்தியில் பயனாளி. என் கடையை ஒட்டி வரிசையாக உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் அவருக்குப் பயனாளி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "உங்க பயனாளி வர்றார் பாருங்க" என்று என்னிடம் சொல்வார்கள். தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது, சரி. மாடுதானா என்றாவது பார்க்க வேண்டாமா?

பிறகு தண்ணீர்ப் பிரச்சினை வந்தது. சுற்றிலும் இருக்கிற அடுக்குமாடிகள் ஆளுக்கொரு ஆழ்துளைக் கிணறு போட, மாமாவின் கிணற்றில் தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருந்தது. வாய்க்காலில் விட்டால் பாதி வயலுக்குக்கூடக் காணாது. சொட்டுநீர்க் குழாய் போட்டால்தான் பிழைக்கும் என்று அக்கா தீர்மானமாகச் சொன்னாள். அக்கா பேச்சு குறைவு, பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "இந்த ஒண்ணயாவது உருப்படியா வாங்கிட்டு வாங்க. தொப்பி குடுத்தா அங்கேயே தலையில மாட்டிக்கிட்டு அங்கேயே இருந்துக்கங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

அந்த வருஷம்தான் அவர்கள் ஊரை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். ஊர்ப் பலகையைப் பிடுங்கிவிட்டு வார்டு எண் எழுதிய பலகை வைத்தார்கள். வேளாண்மை அலுவலகத்தில், "உங்க ஊரு இப்ப எங்க கணக்குல இல்லைங்க, மாநகராட்சியில குடுங்க" என்றார்கள். மாமா ரோட்டைக் கடந்து வந்து என்னிடம் நகல் எடுத்துக்கொண்டு, மறுபடி ரோட்டைக் கடந்து மாநகராட்சியில் கொடுத்தார். மனுவில், "என் தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் கருவி வழங்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்" என்று எழுதியிருந்தார்.

தோட்டம். எங்கள் பேச்சில் கிணற்று நீர் இறைத்துப் பயிர் வைக்கிற நிலத்துக்குப் பெயரே அதுதான். தோட்டத்துக்குப் போயிருக்கிறார் என்றால் மண்வெட்டியோடு போயிருக்கிறார் என்று அர்த்தம். நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் மாநகராட்சியில் அந்த மேசைக்கு வந்துசேர்கிற தோட்டமெல்லாம் மொட்டைமாடியிலும் பால்கனியிலும் இருப்பவை. மனுவை வாங்கியவர் வீட்டுத் தோட்டத் திட்டத்தில் சேர்த்துவிட்டார். அவரைக் குறைசொல்லவும் முடியவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு சொல், இரண்டு பேருக்கும் அவரவர் அர்த்தம், இரண்டும் சரி.

மாதம் ஒன்றிரண்டு கழித்து, வயலை ஒட்டிய மாமா வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. பன்னிரண்டு கறுப்புப் பைகள், தேங்காய் நார்த் தூள், தக்காளி விதைப் பொட்டலம், பூவாளி ஒன்று, ஆஸ்பத்திரியில் கையில் ஏற்றுவார்களே அந்த மாதிரி மெல்லிசாகக் கொஞ்சம் குழாய். மாமா கையெழுத்துப் போட்டு வாங்கி, வேன்காரருக்குச் சாப்பாடும் போட்டு அனுப்பியிருக்கிறார்.

போனில் அக்கா கத்தியது ஜெராக்ஸ் மெஷின் சத்தத்தையும் மீறி என் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. "ரெண்டு ஏக்கருக்குப் பன்னெண்டு பை குடுத்திருக்கான்டா! இந்த மனுஷன் தேங்க்ஸ் சொல்லி வாங்கி வெச்சிருக்கார்!"

சாயங்காலம் நேரில் போய்க் கேட்டேன். "வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே மாமா?"

"அவ்ளோ தூரம் வண்டிய எடுத்துட்டு வந்துட்டாங்க மாப்ள. அந்த டிரைவர் காலைல இருந்து சாப்பிடக்கூட இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மொதல்ல சின்னதா குடுத்துப் பாப்பாங்க போல" என்றார்.

பைகளை வாசலில் வரிசையாக வைத்து விதையும் போட்டுவிட்டார். விதையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்குத் தெரியாது.

அத்தோடு போயிருந்தால் இன்னொரு தொப்பிக் கதையாக முடிந்திருக்கும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய மாதிரி, மின்வாரியத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாநகராட்சியின் வீட்டுத் தோட்டப் பயனாளிகள் பட்டியலில் தங்கள் பெயர் உள்ளதால், தாங்கள் விவசாயி அல்லர் என்று தெரியவருகிறது, ஆகவே தங்கள் விவசாய மின் இணைப்பு துண்டிக்கப்படும். படித்து முடிப்பதற்குள் ஆள் வந்து கம்பத்தில் ஏறிவிட்டான். கத்தரி அப்போதுதான் பூத்து, பிஞ்சு பிடிக்கிற நேரம். நல்ல வெயில். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

கடையை மதியத்துக்கு மேல் மூடிவிட்டு நானும் மாமாவோடு அலைந்தேன். மின்வாரியத்தில் ஒரு அம்மா, பொறுமையாகத்தான் பேசினார். "நீங்க விவசாயின்னு வேளாண்மைல ஒரு சான்று வாங்கிட்டு வாங்க, உடனே கனெக்‌ஷன் குடுத்துடறோம்."

வேளாண்மையில் கையை விரித்தார்கள். "மாநகராட்சிக்குள்ள விவசாயி இருக்கறதா நாங்க எப்படிச் சான்று குடுக்க முடியும்? எங்க எல்லை அங்க முடிஞ்சு போச்சே."

மாநகராட்சியில் சன்னலுக்குள் இருந்தவர் எங்களைவிடக் களைத்திருந்தார். "விவசாயின்னு எங்ககிட்ட ஒரு பிரிவே இல்லைங்க. வீட்டுத் தோட்டக்காரர்னு வேணா சான்று தர்றேன்."

"ஐயா, அதுதாங்க இப்ப வினையே" என்றேன்.

"அப்ப பையத் திருப்பிக் குடுத்துடறோம்" என்றார் மாமா.

"குடுக்கறதுக்குத்தான் உத்தரவு இருக்கு. திரும்ப வாங்கறதுக்கு இல்ல." அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சன்னலுக்கு அருகில் வந்தார். "ஒரு வழி இருக்கு. ஆய்வாளர் ஒருத்தர் வீடு வீடா வந்து பாப்பார். செடி செத்துக் கெடந்தா அன்னிக்கே பட்டியல்லருந்து பேரை அடிச்சுடுவார். பேர் போயிட்டா மின்வாரியத்துல தானா சரியாயிடும். தண்ணி ஊத்தாதீங்க, அவ்ளோதான்."

எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. தண்ணீர் ஊற்றாமல் இருக்க வேண்டும். இதைவிட எளிய வேலை உண்டா? மாமாவும் தலையை ஆட்டினார். அவர் தலையாட்டலை நம்பியது என் புத்தி.

ஆய்வாளர் இதோ வருகிறார் அதோ வருகிறார் என்று நாள் ஓடியது. வீட்டு மின்சாரத்தில் கிணற்று மோட்டாரை ஓட்டினால் திருட்டு வழக்கு. அதனால் வாரத்துக்கு ஒருமுறை டீசல் என்ஜின் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். அது கத்தரியின் நாக்கை நனைக்கத்தான் காணும். மற்ற நாட்களில் அக்காவும் மாமாவும் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கினார்கள். வெண்டையைக் கைகழுவிவிட்டார்கள். கத்தரியில் கிணற்றடிப் பக்கத்துப் பாதியை மட்டும் காப்பாற்றலாம் என்று அக்கா முடிவு செய்தாள். மீதிப் பாதியில் இலை சுருண்டு, பூ கொட்ட ஆரம்பித்தது. அக்காவின் இடுப்பில் குடம் உரசிப் புண்ணாகிவிட்டது. அதைப் பற்றிக் கேட்டால், "போய் உன் கடையப் பாருடா" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வாசலில் பன்னிரண்டு பையிலும் தக்காளி முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. கரும்பச்சை இலை. கொத்துக் கொத்தாகக் காய்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே சண்டை ஆரம்பித்துவிட்டது. முகம் கழுவுகிற தண்ணீர், அரிசி கழுவுகிற தண்ணீர், பாத்திரம் அலசுகிற தண்ணீர் என்று எல்லாவற்றையும் மாமா ஒரு வாளியில் பிடித்துவைத்து, அக்கா அந்தப் பக்கம் போகிற நேரம் பார்த்து ஊற்றியிருக்கிறார். அன்றைக்குத்தான் கையும் களவுமாகப் பிடிபட்டிருந்தார்.

"அங்க கத்தரி காயுது, இங்க இதுக்கு ஊத்துறீங்க! செத்தாத்தான் கரண்டு வரும்னு சொன்னானா இல்லையா? காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு."

"அப்புறம்?"

"வாசல்ல இருக்கு. போகும்போதும் வரும்போதும் கண்ணுல படுது. வாடுச்சுன்னா என்ன பண்ணச் சொல்ற?"

"பாக்காம போங்க!"

"முடியல" என்றார் மாமா. அக்கா வாளியைத் தூக்கி எறிந்தாள். எனக்கும் ஆத்திரம் தாங்கவில்லை. இந்த மனிதருக்கு யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாது என்பது பழைய கதை, ஒரு தக்காளிச் செடியிடம்கூடவா? ஆனால் அக்கா அந்தச் செடிகளைப் பிடுங்கிப் போடவில்லை என்பதையும் நான் கவனித்தேன். நாமே பிடுங்கினால் ஆய்வாளர் குற்றம் சொல்வார் என்று ஒரு காரணம் சொன்னாள். காரணம் கேட்டது யார்?

ஆய்வாளர் புதன்கிழமை வந்தார். நானும் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தேன். மூக்குக் கண்ணாடி போட்ட, சிரித்த முகமான மனிதர். வாசலிலேயே அப்படியே நின்றுவிட்டார்.

"இது... நாங்க குடுத்த விதைதானா?" குனிந்து ஒரு காயைத் தொட்டுப் பார்த்தார். "எங்க வீட்டு பால்கனியில நானும் வெச்சேன். ஒரு பூ நிக்கல. எப்படிங்க இது? அண்ணே, இந்த வார்டுலயே இதுதான் ஃபர்ஸ்ட். உங்க போட்டோவ ஆபீஸ் வாசல்ல மாட்டச் சொல்றேன்."

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு அதிகாரி அவர் வளர்த்த செடியைத் தொட்டுப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த நேரத்திலும் அவர் சந்தோஷப்பட்டார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அக்கா முன்னால் வந்தாள். "சார், செடி செத்துப்போச்சுன்னு எழுதுங்க."

ஆய்வாளருக்குப் புரியவில்லை. அவரை வயலுக்குக் கூட்டிப்போனோம். சுருண்டு கிடந்த கத்தரியையும், கம்பத்தில் வெட்டிவிட்ட கம்பியையும் காட்டி முழுக் கதையையும் சொன்னேன். மனிதர் உண்மையாகவே வருத்தப்பட்டார். திரும்பி வாசலுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னார்.

"இவரு விவசாயின்னு எழுத எனக்கு அதிகாரம் இல்லம்மா. செடி இருக்கு, இல்ல, ரெண்டுல ஒண்ணுதான் எழுதலாம். உயிரோட இருக்கறத இல்லன்னு எழுத முடியாது, போட்டோ ஏத்தணும். என்ன மன்னிச்சிருங்க."

அக்கா முதல் பைக்கு முன்னால் உட்கார்ந்து தண்டைப் பிடித்தாள். பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. சண்டையில் யாருக்கும் சளைக்காதவள், அந்தச் செடியை இழுக்க மாட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நீ எந்திரி" என்றார் மாமா.

முதலில் பழுத்ததைப் பறித்தார், பிறகு காய்களை. ஒரு பை முடிந்ததும் செடியை அடியில் பிடித்து, வேர் அறாமல் உருவித் தரையில் படுக்கவைத்தார். அடுத்த பை. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காலிப் பைகளைப் படம் எடுத்துக்கொண்டு ஆய்வாளர் ஒரு தாளை நீட்டினார். பட்டியலிலிருந்து பெயரை நீக்கச் சம்மதம். காரணம் மூன்று அச்சடித்திருந்தது: பயனாளி இறந்துவிட்டார், பயனாளி வேறு ஊருக்குச் சென்றுவிட்டார், பயனாளிக்குச் செடி வளர்ப்பில் ஆர்வமோ அறிவோ இல்லை. ஆய்வாளர் மூன்றாவதில் தயங்கித் தயங்கி ஒரு டிக் போட்டார்.

எந்தத் தாளையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற மாமா, அன்றைக்கு அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"சார், ஆர்வம் இல்லன்னு போட்டுக்கங்க. பரவால்ல. அறிவு இல்லங்கறத மட்டும் அடிச்சிருங்க."

"ரெண்டும் ஒரே வரியில அச்சடிச்சிருக்குங்க அண்ணே." ஆய்வாளர் குரல் இறங்கிவிட்டது. "அடிச்சுத் திருத்தினா செல்லாதுன்னு திருப்பி அனுப்பிருவாங்க. மறுபடி நான் எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது."

மாமா வயலைப் பார்த்தார். அக்கா முந்தானையால் இடுப்புப் புண்ணை மூடிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். "செத்துட்டேன்னு போடலாமா சார்?" என்று மாமா கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார்.

"அதுக்கு இறப்புச் சான்று வேணும்ணே."

மாமா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பேர் போனால் தானாகச் சரியாகிவிடும் என்று சன்னல்காரர் சொன்னது பொய்யில்லை. அடுத்த வாரமே மின்வாரிய ஆள் வந்து கம்பத்தில் ஏறினான். கிணற்றடிப் பக்கத்துப் பாதிக் கத்தரியில் உயிர் இருந்தது. அக்கா ஓடிப்போய் சுவிட்சைப் போட்டாள், மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

"மாமா, தண்ணி வந்துருச்சு!" என்று நான் வாசலிலிருந்து கத்தினேன். அவர் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"உங்கக்காவப் பாத்துக்கச் சொல்லு மாப்ள" என்றார். "எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மடை திருப்பியது அக்காதான்.